சிங்கப்பூர் ஆங்கிலத்தின் ஸ்லாங்: புரிந்துகொள்ளவும் அளவோடு பேசவும் படிப்படியான வழிகாட்டி

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். மின்னஞ்சல் எழுதுவார்கள், மீட்டிங்கில் பேசுவார்கள். மதியம் நாலு பேரோடு சாப்பிடப் போனால்தான் வாய் அடைத்துவிடும். சுற்றி நடப்பது ஆங்கிலம்தான், ஆனால் பாதி பிடிபடாது. அதற்குப் பிறகு பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: இணையத்தில் ஒரு சொற்பட்டியலைத் தேடி மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாளே வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா’ போட ஆரம்பிப்பார்கள்.

வரிசை தலைகீழாகிவிடுவது இங்கேதான். ஸ்லாங்கைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, பேசுவது வேறொரு வேலை. முதல் வேலையை முழுசாக முடிக்க வேண்டும். இரண்டாவதைக் கடைசியில், கொஞ்சமாகச் செய்தால் போதும். செய்யாமலே விட்டாலும் குடி முழுகிவிடாது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் தேவையானவை

போனில் ஒரு குறிப்பேடு போதும், தனி ஆப் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: கேட்ட வாக்கியம் முழுவதும், யார் யாரிடம் சொன்னார், சொன்னதும் என்ன நடந்தது, உங்கள் ஊகம் என்ன. பதிவு இப்படி இருக்கும்: ‘ஐ கெனா ஆரோ அகெய்ன்.’ டீமில் ஒருவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். ஏதோ வேலை தலையில் விழுந்துவிட்டது போல.

ஊகம் சரியாக இருக்கிறது. ‘ஆரோ’ என்றால் ஒரு வேலையை உங்கள் தலையில் கட்டுவது. ‘கெனா’ மலாய்ச் சொல், விரும்பாத ஒன்றில் மாட்டிக்கொண்டதைக் காட்டும். சொல்லை மட்டும் எழுதி வைத்திருந்தால் ‘அம்பு’ என்று அகராதி காட்டியிருக்கும், அதோடு நின்றிருக்கும். தோளில் தட்டியதையும் எழுதியதால்தான் பொருள் கிடைத்தது.

இரண்டாவது தேவை, சந்தேகம் கேட்க ஓர் ஆள். இங்கேயே படித்து வளர்ந்தவராக, உங்களுக்குச் சமமான நிலையில் இருப்பவராகப் பாருங்கள். மேலதிகாரி வேண்டாம். அவர் சொன்னதற்கே அவரிடம் பொருள் கேட்கும் சங்கடம் ஒரு நாள் வரும். தமிழ் பேசும் சிங்கப்பூரர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ‘அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று தனியாகக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாலு பேர் நடுவில் கேட்டால் அந்தச் சொல்லை வைத்தே ஒரு வாரம் கலாய்ப்பார்கள்.

மூன்றாவது, எந்த அகராதியை எதற்குப் பார்ப்பது என்ற தெளிவு. அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம். வேடிக்கைக்காக எழுதியவையும் ஆபாசமானவையும் அங்கே நிறைய உண்டு. ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும், பொருளுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். சிங்கப்பூர்ச் சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியே கை கொடுக்கும். 2000இல் ‘லா’, 2007இல் ‘கியாசு’, 2016இல் ‘ஷியோக்’, ‘லெபாக்’ (வெட்டியாகப் பொழுது போக்குவது), ‘சாபோ’ எல்லாம் அதில் ஏறிவிட்டன. நம் ‘ஐயோ’வும் அதே 2016இல் ஏறியது. ஆனால் எந்தச் சொல்லும் பல காலம் புழங்கிய பிறகுதான் அங்கே வரும். புதிய சொற்களுக்கு ஆள்தான் அகராதி.

2. கேட்டதை நான்கு குவியலாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ‘ஸ்லாங்’ என்று ஒரே மூட்டையில் போட்டால் எதை எங்கே பேசலாம் என்று தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஓர் எண் போடுங்கள்.

ஒன்று, சிங்லிஷ், அதாவது சிங்கப்பூரர்களின் பேச்சு ஆங்கிலம். காப்பிக்கடையிலும் லிஃப்ட்டிலும் வேலையிடத்திலும் கேட்பது. பல வருடமாக நிலைத்த சொற்கள் இதில் அதிகம், அதனால் உழைப்பை இங்கே போடுவது நல்லது. இரண்டு, இணையத்திலிருந்து வரும் இளையர் ஸ்லாங்: ‘சஸ்’, ‘நோ கேப்’, ‘ரிஸ்’ வகையறா. மூன்று, அலுவலகச் சுருக்கங்கள்: ‘பிங் மீ’ என்றால் ஒரு மெசேஜ் தட்டு, ‘சர்க்கிள் பேக்’ என்றால் பிறகு பேசுவோம், ‘ஈஓடி’ என்றால் இன்றைய வேலைநேரம் முடிவதற்குள். மூன்றாவது குவியல் ஒரு வாரத்தில் பழகிவிடும், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

நான்காவது குவியலைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது நாம் கொண்டுவந்தது. ‘டூ த நீட்ஃபுல்’, ‘ப்ரீபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘ஐ ஹேவ் எ டவுட்’ இவையெல்லாம் பொது ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எதிரில் இருக்கும் சிங்கப்பூரருக்கு அவை நம்மூர் வழக்கு. ‘டவுட்’ என்றால் கேள்வி என்று அவருக்குத் தோன்றாது, நீங்கள் அவரை நம்பவில்லை என்றுதான் படும். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் மயங்கி விழுந்ததாகக் கூட எடுத்துக்கொள்ளலாம். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள்.

‘மக்’ என்ற சொல்லைப் பாருங்கள். நம்மூரில் ‘மக் அப்’ செய்வது புரியாமல் நெட்டுருப் போடுவது, அதில் ஓர் இளக்காரம் உண்டு. இங்கே ‘மக்கிங்’ என்றால் தேர்வுக்காக விழுந்து விழுந்து படிப்பது, அதில் இளக்காரம் இல்லை. இங்கிலாந்துக்காரரிடம் ‘என் தம்பி நூலகத்தில் மக்கிங் செய்கிறான்’ என்றால் வழிப்பறி ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் குவியலைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மற்ற மூன்றிலும் நமக்குப் புரியாமல் போகும். இதில் அவர்களுக்குப் புரியாமல் போகும், அது நமக்குத் தெரியவே தெரியாது.

3. சொற்களுக்கு முன் ஒட்டுகளைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் ‘கியாசு’, ‘பைசே’ போன்ற சொற்களில் ஆரம்பிக்கிறார்கள். அவை பெயர்ச்சொல் மாதிரி, தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். வாக்கியத்தின் கடைசியில் வரும் ஓரெழுத்து ஈரெழுத்து ஒட்டுகள் அப்படியல்ல. பேசியவரின் மனநிலை முழுக்க அதில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டால் சொற்கள் எல்லாம் தெரிந்தும் பேச்சு பிடிபடாது.

நாளைக்குள் ஒரு வேலை முடியுமா என்று பேச்சு நடக்கிறது. ‘கேன்’ என்ற ஒரே சொல் இப்படியெல்லாம் வரும்.

‘கேன்.’ முடியும். அவ்வளவுதான்.

‘கேன் லா.’ முடியும்ப்பா. ‘கவலைப்படாதே’ என்ற தைரியமாகவும் இருக்கலாம், ‘எத்தனை தடவை கேட்பாய்’ என்ற சலிப்பாகவும் இருக்கலாம். குரலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘கேன் லோர்.’ முடியும், வேற வழி? வேலை நடந்துவிடும், ஆனால் மனசு அதில் இல்லை.

‘கேன் லே.’ முடியுமே! முடியாது என்று நீங்கள் நினைத்தீர்கள், அவர் பார்த்ததில் முடிகிறது.

‘கேன் வாட்.’ முடியும்தானே, இதிலென்ன இருக்கு? இந்த ‘வாட்’ கேள்வி அல்ல, குரல் கீழே இறங்கும்.

‘கேன் மே?’ முடியுமா என்ன? அவருக்கு நம்பிக்கை இல்லை.

‘கேன் ஹோர்?’ முடியும், இல்ல? உங்களைத் தலையாட்ட வைக்கப் பார்க்கிறார்.

‘கேன் ஆ?’ முடியுமா? சாதாரணக் கேள்வி, அல்லது நீங்கள் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்வது.

இந்தப் பொருள்களைத் தமிழில் எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். ‘ப்பா’, ‘தானே’, ‘ஏ’, ‘ஆ’, ‘இல்ல’ என்று நாம் நாள் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இதற்கு இடமில்லாததால், ஆங்கிலம் கேட்கும்போது அந்தக் காதை மூடிவைத்துவிடுகிறோம். திறந்துவிட்டால் போதும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ‘வாட்’தான். ‘ஐ செண்ட் யூ ஆல்ரெடி வாட்’ என்கிறார் பக்கத்து மேசைக்காரர். ‘நான்தான் அப்பவே அனுப்பிட்டேனே’ என்று அர்த்தம், கொஞ்சம் கடுப்பும் இருக்கிறது. புதியவர் ‘செண்ட் வாட்?’ என்று திருப்பிக் கேட்பார். எதிராளிக்குக் கடுப்பு இரண்டு மடங்காகும். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்பாக்ஸைப் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொன்று ‘லோர்’. ‘ஓகே லோர்’ என்று சொன்னவர் மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டார் என்று எண்ணி, அடுத்த வேலையையும் அவரிடமே கொடுப்பவர்கள் உண்டு. குழுவை நடத்தும் பொறுப்பில் வருபவர்கள் இந்த ஓர் ஒட்டையாவது முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி இதுதான்: ஒரு வாரம் வேறு எதையும் எழுத வேண்டாம். ஒட்டு வரும் வாக்கியத்தை மட்டும் எழுதி, எதிரே அதைத் தமிழ்ப் பேச்சில் எழுதுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் அது இன்னும் உங்களுக்குப் புரியவில்லை. அதைக் கொண்டுபோய் உங்கள் ஆளிடம் கேளுங்கள்.

4. தெரிந்த சொல்தான் காலை வாரும்

புரியாத சொல் வந்தால் நாம் உஷாராகிவிடுவோம். தெரிந்த ஆங்கிலச் சொல் வேறு பொருளில் வரும்போது உஷாராவதில்லை, தப்பாகப் புரிந்துகொண்டு அப்படியே போய்விடுவோம். அதனால் ஹோக்கியன் (இங்குள்ள சீனர்களின் பேச்சுமொழிகளில் ஒன்று), மலாய்ச் சொற்களுக்கு முன்னால் இந்த வகையைப் பாருங்கள்.

‘லாஸ்ட் டைம்’: போன தடவை என்று நினைப்போம். இங்கே பெரும்பாலும் ‘முன்னெல்லாம்’. ‘லாஸ்ட் டைம் ஹியர் காட் கேண்டீன்’ என்றால் ஒரு காலத்தில் இங்கே கேண்டீன் இருந்தது.

‘நெவர்’: ‘ஐ நெவர் பிரிங்’ என்றால் கொண்டுவரவில்லை, இன்றைக்கு மட்டும்தான். எப்போதுமே கொண்டுவருவதில்லை என்று எடுத்துக்கொண்டு அறிவுரை சொல்ல ஆரம்பிக்காதீர்கள்.

‘லேட்டர்’: ‘டோன்ட் ரன், லேட்டர் யூ ஃபால் டவுன்.’ ஓடாதே, அப்புறம் விழுந்துடுவே. நம்முடைய ‘அப்புறம்’ செய்யும் அதே வேலை, நேரத்தோடு எச்சரிக்கையும் சேர்ந்திருக்கும். ‘லேட்டர் பாஸ் ஸ்கோல்ட்’ என்றால் அப்புறம் பாஸ் திட்டுவார்.

‘வேர் காட்?’: எங்கே இருக்கிறது என்று இடம் கேட்கவில்லை. ‘எங்கே? அதெல்லாம் இல்லை’ என்ற மறுப்பு. ‘யூ லேட் அகெய்ன்.’ ‘வேர் காட்?’ இதற்கு இடம் சொல்லப் போகக் கூடாது.

‘செண்ட்’: ‘ஐ செண்ட் யூ ஹோம்’ என்றால் கொண்டுபோய் விடுகிறேன். ‘ஸ்டே’ என்றால் குடியிருப்பது, இது நமக்குப் பழக்கம்தான். ‘செட்டில்’ என்றால் அந்த விஷயத்தை முடித்துவிடுவது. ‘யூ செட்டில் திஸ் ஒன் ஃபர்ஸ்ட்’ என்றால் முதலில் இதை முடி. சமாதானம், பணப்பட்டுவாடா எதுவும் இதில் இல்லை.

‘கேனாட் மேக் இட்’: வர முடியாது என்ற பொருளும் உண்டு. ஓர் ஆளையோ பொருளையோ பற்றிச் சொன்னால் தேறாது என்று பொருள். ‘திஸ் பிரியாணி கேனாட் மேக் இட்’ என்றால் சமையல்காரர் வரவில்லை என்றல்ல.

‘சீ ஹவ்’: பார்க்கலாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் நம்மூரில் சொல்லும் ‘பார்க்கலாம்’ எவ்வளவு உறுதியோ, இதுவும் அவ்வளவுதான். நாள்காட்டியில் குறித்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

‘பிளர்’: மங்கல் அல்ல. நடப்பது தெரியாமல் விழிப்பவர். ‘பிளர் லைக் சோத்தோங்’ என்பது அதன் முழு வடிவம். சோத்தோங் என்றால் கணவாய். ‘ஆக்ட் பிளர்’ என்றால் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிப்பது. இது வந்தால் யாரோ உங்களைக் குறை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவில் ஒரே விதி: வாக்கியத்துக்குப் பொருள் கிடைத்தும் அந்த இடத்துக்கு ஒட்டவில்லை என்றால், சொல்லைச் சந்தேகியுங்கள். உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

5. ஹோக்கியன், மலாய்ச் சொற்கள்: சூழலோடு சேர்த்து எடுங்கள்

அகர வரிசையில் படித்தால் நிற்காது. எந்த இடத்தில் கேட்பீர்களோ அந்த இடத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில்: ‘மாக்கான்’ சாப்பாடு, சாப்பிடுவது. ‘தாபாவ்’ பொட்டலம் கட்டி வாங்குவது. ‘சோப்’ இடம் பிடித்து வைப்பது. உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனது அல்ல, அந்த இடம் சோப் ஆகிவிட்டது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். ‘ஷியோக்’ என்றால் அனுபவித்துச் சொல்லும் ‘செம’. ‘போஜியோ’ என்றால் ‘என்னைக் கூப்பிடவே இல்லையே’ என்ற செல்லக் கோபம். அதற்குப் பதறி விளக்கம் கொடுக்க வேண்டாம், ‘நெக்ஸ்ட் டைம்’ என்று சிரித்தால் போதும்.

வேலையிடத்தில்: ‘சாபோ’ ஒருவரை மாட்டிவிடுவது. ‘தெக்கான்’ போட்டு நெருக்குவது. ‘வாயாங்’ மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் பாடுபடுவது, அந்த மலாய்ச் சொல்லுக்கே கூத்து என்றுதான் பொருள். ‘சியான்’ அலுப்பு. ‘ஜியாலாட்’ நிலைமை மோசம். ‘ஓன் டைம் ஓன் டார்கெட்’ என்றால் உங்கள் வசதிப்படி செய்யுங்கள். கடைசியாகச் சொன்னது ராணுவத்தின் சுடுதளத்தில் வரும் கட்டளை. இங்கே சிங்கப்பூரர்களான ஆண்கள் தேசிய சேவை செய்தாக வேண்டும், அங்கே பழகிய பேச்சு அலுவலகத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது. ‘ஆரோ’வும் அந்த வழியில் பரவியதுதான்.

ஆட்களைப் பற்றி: ‘கியாசு’ எதிலும் தான் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொள்பவர். ‘கேபோ’ அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர். ‘அத்தாஸ்’ மேல்தட்டு, பந்தா. ‘பைசே’ இதில் சேராது, கூச்சமும் சங்கடமும் கலந்தது. ‘பைசே, ஆஸ்க் யூ அகெய்ன்’ என்று ஒரு சிங்கப்பூரர் ஆரம்பித்தால் மரியாதையாகத்தான் கேட்கிறார்.

நம் சொற்களும் உள்ளே கிடக்கின்றன. அக்கம்பக்கத்து மளிகைக் கடைக்கு எல்லா இனத்தவரும் ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். ‘குண்டு’ என்பதும் புழங்குகிறது, ஆனால் பொருள் உருண்டுவிட்டது: சிங்லிஷில் ‘குண்டு’ என்றால் மடையன், உடம்போடு சம்பந்தமில்லை. ஒல்லியான ஒருவரை ‘யூ குண்டு ஆ?’ என்று கேட்டதற்குப் புதியவர் குழம்புவது இதனால்தான். தமிழ்ச் சொல் கேட்டதும் ஊர்ப் பொருளை மாட்டிவிடாதீர்கள், இதையும் வேற்றுமொழிச் சொல்லாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

6. புரியாதபோது சிரித்து மழுப்பாதீர்கள்

மற்றவர்கள் சிரித்தால் நாமும் சிரித்துவைப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். மேசையில் அரட்டை என்றால் பரவாயில்லை. வேலை விஷயத்தில் அது ஆபத்து, ஏனென்றால் ஸ்லாங்குக்குள் பல நேரம் ஒரு கட்டளை ஒளிந்திருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. கேட்டதை உங்கள் சாதாரண ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். அவர்: ‘திஸ் ஒன் யூ டேக் ஃபர்ஸ்ட், தி அதர் ஒன் சீ ஹவ்.’ நீங்கள்: ‘சோ ஐ டூ திஸ் ரிப்போர்ட் டுடே, அண்ட் வெயிட் ஃபார் யூ ஆன் தி அதர் ஒன்?’ அவர் ‘யா’ என்பார், இல்லை திருத்துவார். இரண்டிலும் உங்களுக்கு லாபம்.

‘வாட் டஸ் தட் மீன்?’ என்று சொல்லைப் பிடித்துக் கேட்டால் பேச்சு அந்தச் சொல்லைச் சுற்றிப் போய்விடும். வேலை என்ன, எப்போது என்று கேட்டால் அது நடக்காது. சொல்லைப் பிறகு குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்லாங்குக்கு ஸ்லாங்கிலேயே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘கேன் ஆர் நாட்?’ என்று கேட்டால் ‘எஸ், பை த்ரீ’ என்பது முழுமையான பதில்தான்.

7. இப்போது பேசலாம்: எதிலிருந்து ஆரம்பிப்பது

முதல் ஐந்து படிகளில் எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் புரிகிறது என்ற நிலை வந்த பிறகு இங்கே வாருங்கள்.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் முதலில். ‘மாக்கான்’, ‘தாபாவ்’, ‘சோப்’, ‘ஷியோக்’ நான்கும் யாரையும் புண்படுத்தாது, தப்பாகச் சொன்னாலும் சிரிப்போடு போய்விடும். அப்புறம் ‘கேன்’, ஒட்டு இல்லாமல். ஒட்டுகள் கடைசியில்தான். ஒரே ஒட்டு குரல் மாறினால் அன்பாகவும் எரிச்சலாகவும் ஆகிவிடும், அந்தக் குரல் காதில் ஊற நாளாகும்.

ஒரு சொல்லைப் பேசலாமா என்று சோதிக்க மூன்று கேள்விகள்: எதிரில் இருப்பவர் அதை என்னிடமே சொல்லியிருக்கிறாரா? அவர் எனக்குச் சமமானவரா? இப்போது யாருக்கும் கோபம் இல்லையே? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சொல்லுங்கள். ஒன்று இடித்தாலும் சாதாரண ஆங்கிலமே போதும்.

‘லா’வில் நடக்கும் தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பின் அது பொதுவாக வராது. ‘வேர் ஆர் யூ கோயிங் லா?’ என்று கேட்டால் வேடம் போட்ட மாதிரி தெரியும். அங்கே ‘ஆ’தான். ‘சாரி லா’ என்றால் மன்னிப்பு கரைந்துவிடும், ‘சாரிதான்பா, விடு’ என்ற தொனி வந்துவிடும். நன்றிக்கும் மன்னிப்புக்கும் ஒட்டே வேண்டாம்.

உச்சரிப்பை மாற்றிக்கொண்டு சீனர் மாதிரியோ மலாய்க்காரர் மாதிரியோ பேச முயல்வது இன்னொரு தவறு. உங்கள் குரலிலேயே ‘ஷியோக்’ சொன்னால் நன்றாக இருக்கும். குரலையும் மாற்றினால் அவர்களைக் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

8. எங்கே வாயைக் கட்ட வேண்டும்

நேர்முகத் தேர்வு, வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல், அரசாங்க அலுவலகக் கடிதம், மருத்துவரிடம் உடம்பைப் பற்றிச் சொல்வது: நான்கிலும் ஒரு சொல் கூட வேண்டாம். 2000லிருந்து நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் என்று ஒன்று இங்கே நடந்திருக்கிறது. சிங்லிஷில் பொளந்துகட்டும் அதே ஆள் மீட்டிங் அறைக்குள் போனதும் சட்டென்று பொது ஆங்கிலத்துக்கு மாறுவதைக் கவனியுங்கள். அவரிடம் இரண்டும் இருக்கின்றன. ஸ்லாங்கை மட்டும் கற்றுக்கொண்டு நிற்பவருக்குத்தான் சிக்கல்.

இனத்தையோ நாட்டையோ குறிக்கும் ஸ்லாங் எதையும் பேசாதீர்கள், அந்த இனத்தவரே சிரித்துக்கொண்டு சொன்னாலும் கூட. அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கும், உங்களுக்கு அந்தக் கணக்கில் பங்கு கிடையாது. வெள்ளைக்காரரைக் குறிக்கும் ‘ஆங் மோ’ தினமும் காதில் விழும். கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

வசவுகளில் கூடுதல் கவனம். ஹோக்கியன் வசவுகளை எழுத்துச் சுருக்கமாகக் குழு அரட்டையில் தட்டுவார்கள். சுருக்கம்தானே என்று நாமும் தட்டினால் அதன் முழுப் பொருள் தாயை இழுப்பதாக இருக்கும். பொருள் தெரியாத மூன்றெழுத்து எதையும் நகலெடுக்க வேண்டாம். கோபத்தில் பொது ஊழியரை வசைபாடுவது இங்கே குற்றம், 2014இன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் அதற்குத் தண்டனை உண்டு. ‘எல்லோரும் சொல்லும் சொல்தானே’ என்று அங்கே வாதாட முடியாது.

வெளிநாட்டு அழைப்புகளிலும் சிங்லிஷை இறக்கிவைத்துவிடுங்கள். அந்தந்த நாட்டு ஸ்லாங் வேறு. இங்கிலாந்துக்காரர் ‘சியர்ஸ்’ என்றால் பெரும்பாலும் நன்றி, கிளாஸ் எதுவும் கையில் இருக்காது. ‘பிஸ்ட்’ என்றால் அவருக்குக் குடிபோதை, அமெரிக்கருக்குக் கோபம். ஆஸ்திரேலியர் ‘திஸ் ஆர்வோ’ என்றால் இன்று பிற்பகல், ‘தாங்ஸ்’ என்றால் காலில் போடும் ரப்பர் செருப்பு. ரப்பர் என்றதும் ஒன்று: அழிப்பானை அமெரிக்கரிடம் ‘ரப்பர்’ என்று கேட்காதீர்கள், அவர் பேச்சில் அது ஆணுறை. ‘இரேசர்’ என்று கேளுங்கள்.

9. இளையர் ஸ்லாங்: கேட்க மட்டும்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ‘சஸ்’ சந்தேகத்துக்குரியது. ‘நோ கேப்’ பொய் இல்லை, நிஜம். ‘சால்ட்டி’ தோற்ற கடுப்பில் இருப்பவர். ‘கோஸ்ட்’ செய்வது பதிலே போடாமல் மறைந்துவிடுவது. ‘சிக்’ என்றால் சில நேரம் அபாரம். ‘ரிஸ்’ ஆளைக் கவிழ்க்கும் வசீகரம், ஆக்ஸ்ஃபோர்டு அதை 2023இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. பெரியவர்கள் கவனிக்கத் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார்கள், அதனால் இந்தக் குவியலை மனப்பாடம் செய்வது வீண்.

வீட்டில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளை இருந்தால் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள், திருப்பிப் பேசாதீர்கள். அப்பா ‘நோ கேப்’ சொன்ன அன்றைக்கே அந்தச் சொல் வீட்டில் செத்துவிடும். பிள்ளை பயன்படுத்துவதையும் தடுக்க வேண்டாம். கட்டுரையில் எழுதாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

10. தப்பாகச் சொல்லிவிட்டால், பழசாகிவிட்டால்

எதிரில் இருப்பவரின் முகம் மாறினால் உடனே சாதாரண ஆங்கிலத்தில், நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று ஒரு வரி சொல்லுங்கள்: ‘சாரி, ஐ மெண்ட் தி ஃபைல் இஸ் லேட், நாட் யூ.’ அதோடு விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு ஊரில் இப்படிப் பொருள், இணையத்தில் அப்படிப் போட்டிருந்தது என்று நீட்டினால் சின்ன விஷயம் பெரிதாகும். அன்று மாலை உங்கள் ஆளிடம் முழு வாக்கியத்தையும் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சொல் சரியாக இருக்கும், சொன்ன ஆளோ இடமோ தப்பாக இருக்கும். குறிப்பேட்டின் இரண்டாவது விஷயம், அதாவது யார் யாரிடம், அங்கேதான் திருத்தம் எழுத வேண்டும்.

மாதம் ஒருமுறை குறிப்பேட்டைப் புரட்டுங்கள். அதற்குள் ஒருமுறை கூடக் காதில் விழாத சொல்லைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். சிங்லிஷ் குவியலில் அடிப்பது குறைவாகவும் இளையர் குவியலில் அதிகமாகவும் இருக்கும். வேலை மாறினால், ஒட்டுகளைத் தவிர மற்றதைப் புதிதாக எழுத ஆரம்பியுங்கள். கப்பல் பட்டறையில் கேட்பதும் வங்கியில் கேட்பதும் ஒன்றல்ல. பட்டறையில் சகஜமாகப் போன பாதிச் சொற்களை வங்கியில் சொன்னால் மேசையே அமைதியாகிவிடும்.